பந்தல், பதினான்காம் வெர்ஷன்

மனோகரன் சாரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவர் மனைவி சுலோசனா அக்கா எழுதலாம்தான். ஆனால் அவருக்கு இந்த மனிதரைப் பிடிக்கும், ஆகவே உண்மை வராது. நான் பதினெட்டு வருடமாக அவர் எழுதிய மென்பொருளில் தட்டிக்கொண்டிருக்கிறவள். கோபத்தை அடக்கி அடக்கியே நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

என் பெயர் ரேணுகா. ஆவடி கோவில்பதாகையில் துலுக்கானம் சாமியானா கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. பந்தல், நாற்காலி, அண்டா, ஜமுக்காளம், சீரியல் விளக்கு, ஐஸ் பெட்டி எல்லாம் எங்களிடம் வாடகைக்கு உண்டு. யார் வீட்டுக்கு எந்தத் தேதியில் என்ன போயிற்று, எத்தனை திரும்பி வந்தது, எந்த அண்டா நசுங்கி வந்தது என்பதையெல்லாம் பதிந்து வைக்கிற மென்பொருளுக்கு 'பந்தல்' என்று பெயர். அதை உருவாக்கியவர் மனோகரன் சார். உருவாக்கியதோடு விட்டிருந்தால் அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டிருப்பேன். அவர் மேம்படுத்துகிறவர்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவர். இரும்புத் தகடு வளைக்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு. அந்தக் கம்பெனி ஊரைவிட்டுத் தள்ளிப் போனபோது, மெஷின்களையெல்லாம் ஆணி ஆணியாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டர் பிரிவை ஏற்ற மட்டும் மறந்துவிட்டார்கள். மனோகரன் சார் அழவில்லை. திருநின்றவூரில் வாங்கியிருந்த சின்ன வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைக் கண்டாலே வியர்க்கிற சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்காக மென்பொருள் எழுத ஆரம்பித்தார். வாடகைச் சைக்கிள் கடை, தையல்கடை, தண்ணீர் கேன் ஏஜென்சி, கல்யாண மண்டபம் என்று ஒரு காலத்தில் முப்பத்தொரு இடத்தில் அவருடைய சரக்கு ஓடியது.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. சைக்கிளை வாடகைக்கு எடுக்க ஆளில்லாமல் சைக்கிள் கடை போனது. மண்டபம் போனுக்கு மாறியது. தண்ணீர் கேன் ஏஜென்சியில் எலி வயரைக் கடித்தது. அவர்கள் எலிக்கு நன்றி சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினார்கள். மிச்சம் எங்கள் கடை ஒன்றுதான். இதுவும் போய்விட்டால், மனோகரன் சார் எழுதியதைத் திறந்து பார்க்க பூமியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்காது. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, மகள் அகல்யா நல்ல வேலையில் இருக்கிறாள். அவருக்குக் கவலையெல்லாம் புதன்கிழமை. புதன்கிழமைதான் அவர் ரயிலேறி எங்கள் கடைக்கு வருகிற நாள். "அந்த ஒரு நாளுக்குத்தான்மா மத்த ஆறு நாளும் எந்திரிக்கிறேன்" என்று ஒருமுறை என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டு எதிரில் இருந்த ஸ்டேப்ளரை நேராக எடுத்து வைத்தார்.

வரும்போது சட்டைப் பொத்தானில் நூல் கட்டி, நூலில் பென்டிரைவ் தொங்கும். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். "ரேணுகாம்மா, ஒரு சின்ன மேம்பாடு" என்பார். இந்த நான்கு வார்த்தையைக் கேட்டால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன். பிரின்ட் பொத்தான் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் போயிருக்கும். என் விரலுக்குத் தெரிந்த இடத்தில் 'அழி' என்று ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். ஒன்பதாம் வெர்ஷனில் கம்ப்யூட்டர் எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்தாலும் காலை வணக்கம். பதினோராம் வெர்ஷனில் நாற்காலிக்கு நிறம் கேட்டது. எங்களிடம் இருப்பது எல்லாம் சிவப்பு. ஒவ்வொரு நாற்காலிக்கும் சிவப்பு என்று ஒரு வருடம் அடித்தேன்.

கேட்டதைச் செய்து கொடுக்கமாட்டார் என்று சொல்லவில்லை. நாங்கள் எதுவும் கேட்கவில்லை என்றுதான் சொல்கிறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த ஆண்டிக்கு வாராவாரம் சங்கு வேண்டும்.

வீட்டிலும் இப்படித்தானாம். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் ஆறு இலக்க எண் கொடுத்து ஒட்டிவைத்திருக்கிறார். ஒரு நாள் சுலோசனா அக்கா அவசரத்தில் எண்ணை மாற்றிப் படித்து, பாயசத்தில் உப்பைப் போட்டுவிட்டார். சார் கோபப்படவில்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் எண்ணை இன்னும் நீளமாக்கினார். இதை அக்காவே என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அதனால்தான் சொல்கிறேன், அவர் எழுதினால் உண்மை வராது.

இனி அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம், ஒரு வீட்டில் சாவு. ஐஸ் பெட்டி, நூறு நாற்காலி, முன்பக்கம் ஒரு சாமியானா கேட்டு ஆள் வந்தது. நான் பெயர், முகவரி எல்லாம் அடித்துவிட்டு, 'விசேஷம்' என்ற கட்டத்துக்கு வந்து விரலை நிறுத்தினேன். ஓனர் துலுக்கானம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வயதில் கூலிக்குப் பந்தல்கால் நட்டு, கடப்பாரை பிடித்த கையோடு கடை வைத்தவர். கடை திறந்ததும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துத்தான் ஊதுவத்தி காட்டுவார்.

"அதுல அந்த வார்த்தையெல்லாம் அடிக்காதம்மா. லட்சுமி கீற பொட்டி. காலியா வுட்டுடு" என்றார்.

காலியாக விட்டேன். அன்று முதல் எங்கள் கடையில் விசேஷக் கட்டம் காலி என்றால் துக்க வீடு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். எங்கள் வேன் டிரைவர் முகமது ஆசிக் சீட்டை வாங்கியதும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார். காலியாக இருந்தால் அந்தத் தெருவுக்குள் ஹாரன் அடிக்கமாட்டார். நாற்காலியைத் தொப்பென்று போடமாட்டார். கிளம்பும்போது யாரிடமும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லமாட்டார். துக்க வீட்டில் அப்படிச் சொல்கிற வழக்கம் கிடையாது. ஒரு வெறும் கட்டம் இத்தனை வேலையைச் செய்தது. மனோகரன் சாரின் மற்ற கட்டங்கள் எல்லாம் சேர்ந்துகூட இவ்வளவு செய்ததில்லை.

ஆனால் சாருக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்கு அது ஓட்டை. காலிக் கட்டத்தைத் தாண்டினால் கம்ப்யூட்டர் 'டொங்' என்று ஒரு சத்தம் போடும்படி முதல் வெர்ஷனிலேயே வைத்திருந்தார், எனக்கு ஞாபகப்படுத்துவதற்காக. எனக்கென்னவோ அது துக்கம் விசாரிப்பது போலவே பழகிவிட்டது. போன வருடம் ஒரு புதன்கிழமை காலை அவர் கேட்டார்.

"ரேணுகாம்மா, நானூத்திப் பன்னெண்டு பதிவுல விசேஷம் காலியா கிடக்கே. விட்டுப்போச்சா?"

"அது அப்படித்தான் சார்" என்றேன்.

சொல்லியிருக்கலாம். கடை திறந்து விளக்கேற்றி பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் அந்த வார்த்தையை எப்படி வாயால் சொல்வது? மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மத்தியானம் அவர் பிரின்ட் பொத்தானை மாற்றிவிட்டார். அந்த எரிச்சலில் மறந்தே போனேன்.

அந்தப் பதிலை மனதில் போட்டுக்கொண்டு அவர் ஆறு மாதம் யோசித்திருக்கிறார். விளைவு, பதினான்காம் வெர்ஷன். "உறவு வளர்ப்பு" என்று அதில் ஒரு புதுப் பகுதி. போன வருடம் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கம்ப்யூட்டரே பார்த்து, ஒரு வருடம் நிறைகிற சமயத்தில் வாழ்த்து அட்டை அச்சடித்துக் கொடுத்துவிடும். இதற்குக் கட்டங்கள் முழுசாக இருக்க வேண்டுமே. நூற்றுக்கு எழுபது பதிவு திருமணம் என்று கணக்குப் பார்த்து, காலியாகக் கிடந்த நானூற்றுப் பன்னிரண்டு கட்டத்திலும் 'திருமணம்' என்று நிரப்பிவிட்டார். இனிமேல் காலியாக விட்டால் அடுத்த கட்டத்துக்கே போக முடியாதபடி பூட்டும் போட்டுவிட்டார்.

பொருள் பட்டியலில் ஐஸ் பெட்டி என்று இருந்ததே, கல்யாணத்துக்கு எதற்கு ஐஸ் பெட்டி என்று ஒரு மனிதர் யோசிக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்திருக்கிறார். ஐஸ்கிரீமுக்கு என்று முடிவு செய்திருக்கிறார்.

புதன்கிழமை புது வெர்ஷன் ஏறியது. வியாழக்கிழமை பதினாலு அட்டை அச்சாகி வந்தது. ஓரத்தில் பூ, நடுவில் இரண்டு வாழை மரம். வாசகம் இதுதான்: 'சென்ற ஆண்டு இந்நாளில் தங்கள் இல்லத்தில் நடைபெற்ற திருமண விழாவில் சேவை செய்யும் பாக்கியம் பெற்றோம். தம்பதியர் பல்லாண்டு வாழ்க. தங்கள் வீட்டு அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே அழையுங்கள்.' மேலே வீட்டுக்காரர் பெயர், கீழே தேதி.

மூலைக்கு மூலை மஞ்சள் தடவியது நான்தான். மறைக்கவில்லை. பெயர்களைப் படித்திருந்தால் ஐந்து பெயர் என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும். நான் மூலையை மட்டும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று ஆசிக் பதினாலு அட்டையையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஹாரனைக்கூட அடிக்காதவருக்கு, இப்போது பார்ப்பதற்குக் காலிக் கட்டமே இல்லை.

அன்று மாலையே திருமுல்லைவாயிலிலிருந்து போன் வந்தது. எடுத்தவர் ஓனர். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஓனர் எழுந்து நின்றுகொண்டு, "சரி நைனா... தப்புதான் நைனா... மன்னிச்சிக்கோ" என்று மட்டும் சொன்னார். பேசி முடித்துவிட்டு, மாதிரிக்கு அடித்து நான் வைத்திருந்த அட்டையைக் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். எப்போதும் சத்தம் போடுகிற மனிதர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பதிவைப் பார்த்து ஐஸ் பெட்டி போன வீடுகளை நான் எண்ணிச் சொன்னதும், "அஞ்சு ஊடு" என்றார். "அஞ்சு ஊட்டுக்கும் அந்த ஆளே போயி, மன்னிப்பு கேட்டு, அஞ்சு கார்டையும் வாங்கினு வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் பொட்டியத் தூக்கினு போவ சொல்லு. இனிமே புதங்கெயமை இந்தப் பக்கம் வர வாணாம்."

அவர் மகன் விஜய் இதற்காகவே இரண்டு வருடமாகக் காத்திருந்தான். "நான் அப்பவே சொன்னேன் நைனா. எல்லாம் போன்லயே வருது. இந்த ஆளு இன்னும் டைனோசர் மேச்சிகினு கீறாரு" என்று போனை எடுத்துக் காட்டினான். அதில் ஒரு ஆப் இருந்தது. பளபளவென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மனோகரன் சார் வந்து நின்றார். புதன் அல்லாத ஒரு நாளில் அவரைப் பார்ப்பதே விநோதமாக இருந்தது. பென்டிரைவ் தொங்கவில்லை. நான் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், அந்த வார்த்தை உட்பட. அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லலை?"

"காலைல கேட்டீங்கோ சார்" என்றேன். எவ்வளவு கேவலமான பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது. அதனால்தான் நானும் வேனில் ஏறினேன்.

திருமுல்லைவாயில் வீட்டில் வாசலைத் தாண்டவிடவில்லை. அப்பாவைப் பறிகொடுத்த மகன், அட்டையை எட்டாகக் கிழித்து எங்கள் முன்னால் போட்டார். திட்டு முடிகிறவரைக்கும் சார் கைகட்டி நின்றார். முடிந்ததும் குனிந்து எட்டுத் துண்டையும் பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டார். கணக்கு ஐந்து வர வேண்டுமே. நசரத்பேட்டையில் வீடு பூட்டியிருந்தது. அட்டை கேட்டில் செருகியபடியே இருந்தது. யாரும் பார்க்காமல் உருவிக்கொண்டு வந்தார். குழந்தை மாதிரி சந்தோஷம் அவருக்கு. "ஒண்ணு தானாவே சரியாயிடுச்சு ரேணுகாம்மா." நான் முறைத்தேன்.

மூன்றாவது வீடு பூந்தமல்லியில். துக்கம் நடந்த குடும்பம் காலி செய்துகொண்டு போய், இப்போது அங்கே வாடகைக்கு இருப்பது ஐ.டி.யில் வேலை பார்க்கிற ஒரு இளம் ஜோடி. அட்டையை டி.வி. மேலேயே வைத்திருந்தார்கள். "எங்க கல்யாணம் போன வருஷம் இதே மாசம்தான் சார். வீட்டுல யாருமே விஷ் பண்ணல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அந்தப் பெண் வித்யா கேட்டாள். பெயர் வேறாக இருந்ததை அச்சுப்பிழை என்று பெரிய மனதோடு மன்னித்திருந்தாள். போனில் படம் எடுத்துக்கொண்டு அட்டையைக் கொடுத்தாள். வெளியே வந்ததும் சார், "அப்ப உறவு வளர்ப்புங்கிற அடிப்படை யோசனை சரிதாம்மா" என்று ஆரம்பித்தார். ஆசிக் வேனைக் கிளப்பினார். இன்ஜின் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை.

குத்தம்பாக்கத்தில் ஒரு பெரியவர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். முழுவதையும் கேட்டுவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "எங்கம்மா இருந்தா சிரிச்சிருக்கும்" என்றார். அவர் சிரிக்கவில்லை. அந்த வீட்டில்தான் சாருக்குக் கண் கலங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

நான்கு ஆயிற்று. ஐந்தாவது, பருத்திப்பட்டு ஏரிக்கு இந்தப் பக்கம் வேம்புலியம்மாள் வீடு. போன வருடம் அவர் கணவர் ஏகாம்பரம் இறந்தபோது எங்கள் கடையிலிருந்துதான் எல்லாம் போனது. அந்தம்மாள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் ஏகாம்பரத்தின் போட்டோ. போட்டோ சட்டத்தில் எங்கள் அட்டை செருகியிருந்தது, நான் தடவிய மஞ்சளோடு. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சார் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மாளே பேசினார். "வாங்கோ. எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தூட்டுப் பவ்யாதான் படிச்சிது. போன வருசம் இதே நாள்ல இந்தாளுக்குக் கண்ணாலம்னு போட்டுகீதாமே. எவள கட்டிக்கினேன்னு நேத்து ராவெல்லாம் போட்டோவக் கேட்டுகினு கீறேன். வாயத் தொறக்கல."

சார் கைகூப்பினார். "அம்மா, தப்பு என்னோடதுதான். உங்க பதிவுல அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு. அப்படி இருக்கக் கூடாதுன்னு நான்தான் நிரப்பிட்டேன்."

அந்தம்மாள் கீரைக் காம்பைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "காலியா கீறத ஏன் நைனா ரொப்புன?"

பதினாலு வெர்ஷனுக்கும் விளக்கம் வைத்திருக்கிற மனிதர் அவர். சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். அங்கே நூலும் இல்லை.

அட்டையை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறோம் என்று நான் மெல்லச் சொன்னேன்.

"தரமாட்டேன்" என்றார் வேம்புலியம்மாள். "எனக்கு மூணு பசங்கோ. ஒர்த்தன் அம்பத்தூரு, ஒர்த்தன் பட்டாபிராமு, ஒர்த்தன் பக்கத்துத் தெரு. வர்ற செவ்வாக்கெயமையோட அந்தாளு போயி வருசம் ஆவுது. தெவசம் பண்ணணும்னு ஒர்த்தன் வாயத் தொறக்கல. நானா சொல்ல மாட்டேன்னு இருந்தேன். உங்க பொட்டிக்கு மட்டும்தான் தேதி நெனப்பு கீது. கண்ணாலமோ கருமாதியோ, தேதி சரியா போட்டுகீதுல்ல. அவனுங்க வந்து பாக்கட்டும். அதுவரிக்கும் அங்கியே கெடக்கட்டும்."

சார் ஒருமுறைதான் கேட்டார். "அது இல்லாம போனா எங்களை..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். தன் வேலை போகும் என்று அந்த போட்டோவுக்கு எதிரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பதினெட்டு வருடத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

எழுந்தோம். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டோம். பின்னாலிருந்து அந்தம்மாள் கூப்பிட்டார். "செவ்வாக்கெயமைக்கு அம்பது சேரு, ஒரு பந்தலு எய்திக்கோம்மா. போயிட்டு வா நைனா."

நான்கு அட்டையோடு கடைக்குத் திரும்பினோம். அதில் ஒன்று எட்டுத் துண்டு. ஓனர் மேசை மேல் வரிசையாக வைத்து எண்ணினார். விஜய் பக்கத்தில் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றான்.

"அஞ்சாவது?"

சார் சொல்லமாட்டார் என்று தெரிந்து நானே சொன்னேன். போட்டோவில் செருகியிருந்ததை, மூன்று பிள்ளைகளை, அம்பது நாற்காலியை, எல்லாவற்றையும். ஓனர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏகாம்பரமும் அவரும் அந்தக் காலத்தில் ஒரே கடப்பாரையை மாற்றி மாற்றிப் பிடித்துக் குழி தோண்டியவர்கள். அவருக்கும் வருடம் நிறைவது ஞாபகத்தில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"செவ்வாக்கெயமைக்கு எய்திக்கோ" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நைனா, இத ஆப்லயே போட்டுக் காட்றேன் பாரு" என்று விஜய் முந்திக்கொண்டான். பெயர் போட்டான், முகவரி போட்டான், அம்பது நாற்காலி போட்டான். எல்லாம் நிமிடத்தில் முடிந்தது. பிறகு எந்த வகை நிகழ்ச்சி என்று ஆப் கேட்டது. கல்யாணம், பிறந்தநாள், வளைகாப்பு, கம்பெனி மீட்டிங், மற்றவை.

"இன்னா கேக்குது?" என்றார் ஓனர்.

"இன்னா விசேஷம்னு. மற்றவைன்னு போட்டுக்கலாம் நைனா."

"மத்தவையா? ஏகாம்பரம் மத்தவையா?" ஓனரின் குரல் ஏறியது. "காலியா வுடு."

விஜய் காலியாக விட்டு அடுத்ததை அமுக்கினான். சிவப்பாக ஒரு கோடு வந்தது. மறுபடி அமுக்கினான். மறுபடி சிவப்பு. "முடியாது நைனா. அது ரொப்பியே ஆவணும்."

"அப்ப வாணாம்" என்றார் ஓனர். "உள்ள வை."

இரண்டு வருடமாக விஜய் கட்டிய கோட்டை ஒரு காலிக் கட்டத்தில் விழுந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தேன். ஓனர் அடுத்து மனோகரன் சார் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீயும் அதையேதான பண்ணிகீற? முன்ன கெடந்த மாதிரி ஆக்கு. ஆச்சுன்னா புதங்கெயமை வா. ஆவாதுன்னா நீயும் வாணாம், அதுவும் வாணாம். நான் நோட்டுல எய்திக்கிறேன்."

சார் தலையாட்டினார். அவர் எதையும் தூக்கிப் போடாதவர்; பழைய வெர்ஷன்களையெல்லாம் சி.டி.யில் ஏற்றி, காலையில் கொண்டுவந்த மஞ்சள் பையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை செய்தார். நானூற்றுப் பன்னிரண்டு திருமணங்களும் கலைந்தன. உறவு வளர்ப்பு போனது. கட்டத்துக்குப் போட்டிருந்த பூட்டும் போனது. காலை வணக்கத்தையும் எடுத்துவிடுங்கள் என்று சமயம் பார்த்துக் கேட்டேன். அது காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

பிறகு நான் உட்கார்ந்தேன். வேம்புலியம்மாள், பருத்திப்பட்டு, அம்பது நாற்காலி, ஒரு பந்தல், செவ்வாய்க்கிழமை. விசேஷக் கட்டம் வந்தது. ஒன்றும் அடிக்காமல் தாண்டினேன். பதினெட்டு வருடமாகக் கேட்டுப் பழகிய 'டொங்' வரவில்லை. அந்தச் சத்தத்தையும் எடுத்திருந்தார். யாரும் கேட்காமல் அவர் செய்த மேம்பாடுகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை பென்டிரைவைத் தேடியது.

"ரேணுகாம்மா, அந்தக் கட்டத்துக்கு மேல 'விசேஷம்'னு போட்டிருக்கே, அது மட்டும்..."

"சார், சும்மா இருங்க."

சும்மா இருந்தார்.